கேள்வியே கைமுதல்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடிப் பிற மாநிலம் புகுந்தவர் தம்மோடு எடுத்துச் செல்ல இயலாத செல்வம் ஒன்று உண்டு. நிலத்தை விற்றுப் பணமாக்கலாம். பாத்திரம் பண்டங்களை மூட்டையாகக் கட்டலாம். ஆனால், 'இதை யாரிடம் கேட்பது?' என்னும் வினாவுக்கு ஊர் அளித்துவந்த விடையை மூட்டை கட்ட முடியாது. கடிகாரம் நின்றுவிட்டால் இன்னாரிடம் கொடு, குடைக்கம்பி ஒடிந்தால் இன்ன திண்ணைக்குப் போ, முகத்தில் கொப்புளம் கண்டால் இன்ன பாட்டியைக் கேள் என்று சொல்ல அங்கே மாமன் இருந்தார், மச்சான் இருந்தார், எதிர்வீட்டு அத்தை இருந்தார். புதிய ஊரில் எல்லாரும் அயலார். அவர்களிடம் கேட்க நா கூசுகிறது. கேளாமல் இருக்கவோ கைப்பொருள் இடந்தருவதில்லை.

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் பெருவழியில், ஆனேக்கல் வட்டத்தில், பொம்மசந்திரா என்னும் தொழிற்பேட்டை இருக்கிறது. மருந்துத் தொழிற்சாலைகளும் இயந்திரப் பட்டறைகளும் பெரிய மருத்துவமனைகளும் நிறைந்த இடம் அது. கர்நாடகத்தில் இருப்பினும் தமிழக எல்லை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 2025 ஆகஸ்டில் இராட்டிரீய வித்யாலய சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 16 நிலையங்களோடு மெட்ரோ இருப்புப்பாதையின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, பேருந்தேறி வந்து அங்கே வேலைக்கமர்ந்த தமிழர் பலர். வாடகை அறையில் தங்கி, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பி, எஞ்சியதில் வாழ்பவருக்கு ஒரு மின்விசிறி பழுதாவது சிறிய செய்தியன்று. புதியது வாங்கினால் அம்மாதக் கணக்குப் புரண்டுவிடும். ஆகவே அவர் கேட்டாக வேண்டும். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டதை எந்த அளவுக்கு நம்புவது என்னும் வினாக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றையே இங்குச் சிறிது ஆராய்வோம்.

தமிழ் மரபில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. வினவுதலும் கேள்வி, செவியால் கேட்டுப் பெறும் அறிவும் கேள்வி. திருக்குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து, 42-ஆம் அதிகாரமாகக் கேள்வி வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்தறியாதவனும் அறிவு பெறுவதற்கு வழியுண்டு, அவ்வழி செவியின் வழி என்பது அம்முறைவைப்பிலிருந்தே விளங்கும். ஆயினும் நம் பழைய ஊர்களில் இச்செவிச்செல்வம் எல்லார்க்கும் ஒன்றுபோல் கிட்டியதா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூறவேண்டும்.

முடிதிருத்தும் தொழிலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நாவிதருக்கு மருத்துவர் என்னும் பெயர் வழங்கிவந்தது காரணமில்லாமல் அன்று. சவரக்கத்தி பிடித்த கையே கட்டியைக் கீறி மருந்து வைத்தது. அக்குடும்பத்துப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பேறுகாலம் பார்த்தனர். இது நமக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. இலண்டனில் 1540-இல் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பெற்று, 1745-இல்தான் பிரிந்தனர். நம் ஊர்களில் நாவிதருக்குக் கூலி அன்றாடம் காசாகக் கிடைக்கவில்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல்லாகக் கிடைத்தது. ஆகவே தலைமயிருக்கு எண்ணெய் எது, சவரக்காயத்துக்குப் படிகாரம் எப்படி என்பன போன்ற அறிவுரைகளுக்குத் தனி விலை ஏதும் இருந்ததில்லை.

ஆனால் அந்த நெற்களத்தில் பங்கில்லாதவர்க்கு அந்தக் கத்தியும் இல்லை. அந்த அறிவுரையும் இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு முடிதிருத்தக் கூடாதென்று ஊர் கட்டுப்பாடு செய்திருந்தது. அக்கட்டுப்பாட்டை மீறினால் நாவிதரும் பிழைக்க முடியாது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம், தீண்டாமையைக் காரணமாகக் காட்டிப் பணி செய்ய மறுப்பதையும் குற்றமாக்கியது. சட்டத்துக்கு முன்பே சிலருக்கு விடுதலை தந்தது நகரம். நகரத்தில் கடைக்காரரும் அயலார், வந்தவரும் அயலார். காசைக் கொடுத்தால் நாற்காலியில் அமரலாம். அயலூர் என்றாலே துன்பம் என்று பாடுவோர் இதை மறத்தலாகாது. உறவினர் நடுவே கேட்க முடியாததை அயலார் நடுவே கேட்க முடிந்தது பலருடைய வாழ்வில் உண்மை.

பெங்களூர்த் தமிழரின் பழைய வரலாறும் இத்தகையதே. 1809-இல் ஆங்கிலேயர் அங்கே தண்டுப் பாளையம் அமைத்தனர். சென்னை மாகாணப் படையைத் தொடர்ந்து தமிழர் பலர் வந்தனர். படைவீரரோடு தையற்காரர், வண்ணார், நாவிதர், கொத்தனார், தச்சர் ஆகியோரும் வந்து அல்சூர், சிவாஜிநகர் முதலிய பகுதிகளில் குடியேறினர். பின்னர் வந்தன தொழிற்சாலைகள்: 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-இல் எச்.எம்.டி. என்னும் இயந்திரக் கருவித் தொழிற்சாலை, 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். தொழிற்சாலையில் கற்ற கைத்திறம் மாலையில் தெருவுக்கும் வந்தது. சிவாஜிநகரின் பழம்பொருட் கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளிலும் பழைய உறுப்புகளைத் தேடித் திரிந்தவர் பொருளை மட்டும் வாங்கிச் செல்லவில்லை. இது எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்னும் அறிவையும் சேர்த்தே வாங்கிச் சென்றனர். சென்னையில் 1900-இல் திறக்கப்பட்டு, 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டும் பல தலைமுறைகளுக்கு இத்தகைய பள்ளிக்கூடமாக விளங்கியது.

அயலாரிடம் கேட்கும் வழக்கம் அச்சேறிய கதை வேறு. 1691-இல் இலண்டனில் ஜான் டண்டன் என்னும் புத்தக வணிகர் 'அதீனியன் மெர்க்குரி' என்னும் ஏட்டைத் தொடங்கினார. யார் வேண்டுமானாலும் பெயரைக் கூறாமல் கேள்வி எழுதி ஒரு காப்பிக் கடைக்கு அனுப்பலாம்; ஏட்டில் விடை வெளிவரும். கடல் நீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்பது போன்ற இயற்கை வினாக்களும், யாரை மணப்பது என்பது போன்ற வீட்டு வினாக்களும் அதில் அடுத்தடுத்து இடம்பெற்றன. 1697 வரை அவ்வேடு நடைபெற்றது. கேட்பவரின் பெயரை மறைத்ததே அதன் வெற்றிக்குக் காரணம். அறியாமையைக் காட்டிக்கொள்ளும் வெட்கத்தை அது நீக்கியது.

தமிழிலும் இதழ்கள் வளர்ந்தபோது கேள்வி-பதில் பகுதிகள் அவற்றின் உயிர்நாடியாயின. 'கலைமகள்' இதழில் கி. வா. ஜகந்நாதன் 'விடையவன்' என்னும் பெயரில் இலக்கிய ஐயங்களைத் தீர்த்துவந்தார். தமிழ்வாணனின் 'கல்கண்டு' துணுக்குச் செய்திகளாலும் கேள்வி-பதிலாலும் சிறுவரையும் பெரியவரையும் ஈர்த்தது. பம்பாயிலோ, தில்லியிலோ, கல்கத்தாவிலோ இருந்த தமிழர் ஓர் அஞ்சலட்டையின் விலையில் தம் ஐயத்தை எழுதி அனுப்ப முடிந்தது. முன்பின் அறியாத ஒருவர் தம் கேள்வியை மதித்து விடை எழுதினார் என்னும் மகிழ்ச்சி அவ்விடையினும் பெரிது.

இதற்கிடையே சவரக்கத்தியின் வரலாற்றிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. கிங் கேம்ப் ஜில்லெட் என்னும் அமெரிக்கர் மாற்றத்தக்க மெல்லிய அலகுடைய கத்தியை 1903-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலாண்டில் விற்றவை 51 கத்திகளும் 168 அலகுகளுமே. அடுத்த ஆண்டில் 90,000-க்கு மேற்பட்ட கத்திகள் விற்றன. முதல் உலகப் போரில் அமெரிக்க வீரர் ஒவ்வொருவர் கைக்கும் அது சென்றது. இதன் விளைவு என்ன? தோல்வாரில் தீட்டவும் சாணை பிடிக்கவும் அறிந்த நாவிதரிடமிருந்து சவரம் வீட்டுக் கண்ணாடி முன் வந்தது. வேலை வந்தது, ஆனால் அவ்வேலையைச் சார்ந்த அறிவு உடன் வரவில்லை. மயிர் வளரும் போக்கிலேயே முதலில் மழிக்கவேண்டும், வெந்நீரில் முகத்தை நனைத்து மயிரை மென்மையாக்கிய பின்னரே கத்தியை வைக்கவேண்டும் என்பவற்றை ஒவ்வோர் இளைஞரும் யாரிடமாவது கேட்டுத்தான் அறிய வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில் புகுந்தது விளம்பரம். விளம்பரமும் அயலார் கூறும் அறிவுரையே. ஆனால் நாம் கேளாமலே கூறப்படுவது. கூறுபவருக்கு ஆதாயம் தருவது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நலம்.

வானொலியின் பிறப்பே பொழுதுபோக்காளரின் கூட்டுறவால் நிகழ்ந்தது. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, அவ்வாண்டிலேயே ஒலிபரப்பவும் செய்தனர். பணமுடையால் 1927-இல் அது நின்றுவிட, 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், திருச்சி நிலையம் 1939-இலும், பெங்களூர் நிலையம் 1955-இலும் தொடங்கின. அமெச்சூர் வானொலி என்னும் பொழுதுபோக்கில் ஈடுபட்டோர், முகமறியாத ஒருவரை வான்வழியே அழைத்து, 'என் குரல் எப்படிக் கேட்கிறது? என் கருவியில் என்ன குறை?' என்று வினவுவதையே தம் கலையாகக் கொண்டனர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, அப்போது போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலியினரே உயிரோடிருப்போரின் செய்தியை உறவினருக்குக் கொண்டு சேர்த்தனர். வீண்பொழுதென்று பலர் எள்ளிய பழக்கம் இடர்வந்த நாளில் கைகொடுத்தது.

1956-இல் புனேயைச் சுற்றியுள்ள ஐந்து மாவட்டங்களில் நடந்த சோதனை ஒன்று நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. யுனெஸ்கோவின் துணையோடு அகில இந்திய வானொலி அதனை நடத்தியது. 150 சிற்றூர்களில் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை, அரைமணி நேரம், மொத்தம் 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஊரார் சிலர் கூடியிருந்து கேட்டனர். கேட்டபின் தமக்குள் விவாதித்தனர். எழுந்த ஐயங்களை வானொலிக்கு எழுதி அனுப்பினர். பேராசிரியர் பால் நியூராத் இச்சோதனையின் பயனை ஆராய்ந்தார். மன்றம் அமைந்த ஊர்களில் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் வளர்ச்சி சிறிதே. பெட்டி அறிவைத் தந்துவிடாது, பக்கத்தில் இருப்பவரோடு கலந்து பேசிய பின்னரே செய்தி அறிவாகிறது என்பது அவ்வாராய்ச்சி கற்பித்த பாடம். 1960-களின் நடுவில் ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல் தஞ்சை மாவட்டத்தில் விரைந்து பரவியபோது உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயரிட்டனர். திருச்சி வானொலி சொன்னது உண்மையே. ஆயினும் ஒருவர் வயலை மற்றவர் வரப்பில் நின்று கண்ட பின்னரே அது பரவியிருக்கும் என்பதை உழவுத்தொழில் அறிந்தோர் உணர்வர்.

இனிப் பழுதுபார்த்தலுக்கு வருவோம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு எச்.எம்.டி. பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் 'ஜனதா' கடிகாரம் அன்றாடம் சாவி கொடுக்கவேண்டிய எளிய பொறி. தெருமுனையில் சிறிய கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து, ஒற்றைக்கண்ணில் பூதக்கண்ணாடி பொருத்திய ஒருவர் அதைத் திறந்து, துடைத்து, எண்ணெயிட்டு ஓடச்செய்வார். எத்தனை முறையும் திறக்கலாம் என்னும் எண்ணத்தோடு செய்யப்பட்ட பொருள் அது. 2016-இல் அக்கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவு செய்தது. இன்று அக்கடிகாரங்களைத் தேடிச் சேகரிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. உறுப்புகள் எங்கே கிடைக்கும் என்று ஒருவரையொருவர் கேட்டறிந்தே அவர்கள் அவற்றை ஓட வைக்கின்றனர்.

இக்காலப் பொருள்கள் பலவும் திறக்கவொண்ணாதபடி ஒட்டப்பட்டிருக்கின்றன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்கழிவு உண்டாயிற்று என்றும், அதில் கால்பங்கிற்கும் குறைவே முறைப்படி மீட்கப்பட்டது என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. இதற்கு எதிராகவும் முயற்சிகள் எழுந்தன. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்னும் பெண்மணி 'ரிப்பேர் கஃபே' என்னும் கூட்டத்தைத் தொடங்கினார். பழுதான பொருளோடு ஒருவர் வருவார். கைத்திறம் உடைய அயலார் ஒருவர் அருகமர்ந்து, அவரைக்கொண்டே சரிசெய்விப்பார். 2015-இல் பெங்களூரிலும் இம்முயற்சி வேரூன்றியது. 2022 டிசம்பரில் இந்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தகவல் வாயில் ஒன்றைத் திறந்தது.

வாடகை அறையில் மெதுவாகச் சுழலும் மின்விசிறிக்குத் திரும்புவோம். மோட்டார் போயிற்று என்று கருதிப் புதியது வாங்க எண்ணுவார் ஒருவர். பெரும்பாலும் குறை அதிலுள்ள சிறிய கண்டென்சரில் இருக்கும். சிறு தொகையில் அதை மாற்றலாம். மிக்சி சுழன்றும் ஜாடியில் அரைபடாவிட்டால் பெரும்பாலும் தேய்ந்தது அடியிலுள்ள கப்ளர். குக்கரில் ஆவி நிற்காவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது கேஸ்கட்டை. இவற்றை அறிந்த ஒருவர் பக்கத்து அறையிலேயே இருக்கலாம். அவர் கன்னடராகவோ, தெலுங்கராகவோ, பீகாரிலிருந்து வந்தவராகவோ இருக்கலாம். கேட்காதவருக்கு அவர் என்றும் அயலாரே.

எனினும் எல்லா அறிவுரையும் நல்லறிவுரை ஆகாது. வரலாற்றை நோக்கின் நான்கு நெறிகள் புலனாகின்றன. முதலாவது, கேட்பவர் தம் தேவையையும் பையிலுள்ள தொகையையும் மறைக்காமல் கூறவேண்டும். வரவு தெரியாமல் வழி சொல்ல எவராலும் இயலாது. இரண்டாவது, சொல்பவருக்கு அதனால் ஆதாயம் உண்டா என்று பார்க்கவேண்டும். ஆதாயம் இருப்பதாலேயே சொல் பொய்யாகிவிடாது, ஆனால் மற்றொருவரையும் கேட்டு ஒப்பிடுதல் கடமையாகிறது. மூன்றாவது, தவறினால் இழப்பு எவ்வளவு என்று எண்ணவேண்டும். முடிவெட்டு தவறினால் மயிர் மீண்டும் வளரும். மின்சாரத்திலும் எரிவாயுவிலும் தவறினால் உயிர் மீளாது. தோலில் தோன்றிய நோய்க்கும் முகப்பூச்சு விற்பவரைக் கேளாமல் மருத்துவரையே நாடவேண்டும். நான்காவது, சொன்னதைச் செய்துபார்த்து, விளைவைச் சொன்னவரிடமே திரும்பிக் கூறவேண்டும். இந்நான்காவதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பயன்பட்டது என்று கேட்டால் அவர் மகிழ்வார். பயன்படவில்லை என்று கேட்டால் அடுத்தவருக்குத் திருத்திச் சொல்வார். இவ்வாறுதான் அறிவு தூய்மையடைகிறது.

வெளிமாநிலத் தமிழருக்கு இதில் மற்றுமொரு பொருள் உண்டு. காவிரிச் சிக்கலையொட்டி 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் பெங்களூர் கலவரத்தைக் கண்டது. அத்தகைய நாள்களில் அயலார் என்னும் சொல்லே அச்சந்தரும் சொல்லாகிறது. அமைதி திரும்பியபின் மக்களை மீண்டும் நெருங்கச் செய்பவை பெரும்பாலும் சிறிய வினாக்களே. 'இந்தப் பூட்டைத் திறக்க முடியுமா?' 'இந்தச் சட்டைக்குப் பொத்தான் எங்கே கிடைக்கும்?' என்று ஒருவர் தமக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கேட்கும்போது, உன்னிடம் நான் கற்கத் தகுந்தது ஒன்று இருக்கிறது என்று சொல்லாமல் சொல்கிறார். கேட்கப்பட்டவர் அதனால் மதிக்கப்படுகிறார். மதிக்கப்பட்டவர் எளிதில் பகைவர் ஆவதில்லை.

ஆகவே, புதிய ஊரில் புதிதாய் வந்திறங்கிய தமிழர் நாணவேண்டியது கேட்பதற்கன்று; கேட்டுப் பெற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்வதற்கே. இன்று வழி கேட்டவர் நாளை வழி சொல்லும் நிலைக்கு உயர்வார். அப்போது பேருந்திலிருந்தோ, மெட்ரோவிலிருந்தோ மூட்டையோடு இறங்கி, தயங்கி நிற்கும் மற்றொருவர் எம்மொழியில் கேட்டாலும் நின்று விடை கூறுதல் அவர்தம் கடன். நெற்களத்துக் கூலிக்கும், அஞ்சலட்டை விலைக்கும், வானொலியின் அரைமணி நேரத்துக்கும் நாம் பெற்ற அறிவை அவ்வாறுதான் திருப்பிச் செலுத்த முடியும்.